மருத்துவ விவரம் கசிந்தால்: வடசென்னையில் புகார் முதல் இழப்பீடு வரை

மருத்துவமனையிலோ லேபிலோ கொடுத்த விவரம் வெளியே போய்விட்டது என்ற புகார்களுக்கு ராயபுரம், வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி பக்கத்தில் மனு எழுதிக் கொடுக்கிறோம். வருகிறவர்கள் முதலில் கேட்பது, "யார் மேல கேஸ் போடலாம்?" என்பதைத்தான். நாங்கள் முதலில் கேட்பது வேறு: விவரம் அந்த இடத்திலிருந்துதான் போனது என்பதற்கு உங்கள் கையில் என்ன இருக்கிறது? பாதி மனுக்கள் இந்த இடத்தில்தான் விழுகின்றன. சட்டப் பிரிவு தெரியாமல் தோற்பவர்களைவிட ஆதாரத்தை அழித்துவிட்டுத் தோற்பவர்கள் அதிகம்.

பெரும்பாலான கசிவு ஒரு போன் அழைப்பில்தான் தெரியவருகிறது. "சார், கிரியாட்டினின் 2.1 வந்திருக்கே, எங்ககிட்ட கிட்னி பேக்கேஜ் இருக்கு" என்று யாரோ பேசுவார்கள். கோபத்தில் திட்டிவிட்டு எண்ணை பிளாக் செய்துவிடாதீர்கள். அந்த 2.1 எந்த ரிப்போர்ட்டில் இருக்கிறது, அந்த ரிப்போர்ட் யார் யாரிடம் போனது என்று எழுதிவையுங்கள். ஒரே லேபில் மட்டும் எடுத்த பரிசோதனை என்றால் அதுவே வலுவான ஆதாரம். அதைவிட வலுவானது லேப் செய்த எழுத்துப்பிழை. ரிப்போர்ட்டில் உங்கள் இனிஷியல் மாறியிருந்து, வயது தப்பாக இருந்து, அழைத்தவரும் அதே தப்போடு பேசினால், விவரம் அந்த ரிப்போர்ட்டிலிருந்துதான் போயிருக்கிறது. அடுத்த அழைப்பைப் பதிவு செய்யுங்கள். "என் நம்பர் எங்க கிடைச்சது?" என்று நிதானமாகக் கேளுங்கள், பல பேர் சொல்லிவிடுகிறார்கள்.

இன்னொரு வழி எஸ்.எம்.எஸ்.ஸில் வரும் ரிப்போர்ட் லிங்க். அதன் கடைசியில் ஒரு வரிசை எண் இருக்கும். பூட்டு எதுவும் போடாத தளமாக இருந்தால், அந்த எண்ணில் ஒன்றைக் கூட்டினாலே அடுத்த நோயாளியின் ரிப்போர்ட் திறந்துவிடும். இதை நிரூபிக்கிறேன் என்று நீங்களே எண்ணை மாற்றிப் பார்க்காதீர்கள். அனுமதியில்லாமல் அடுத்தவர் தரவைத் திறந்ததாகத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகள் உங்கள் மேலேயே திரும்பும். பாஸ்வேர்டோ ஓ.டி.பி.யோ கேட்காமல் உங்கள் ரிப்போர்ட் திறக்கிறது என்பதை மட்டும் திரைப்பதிவாக எடுத்தால் போதும்.

எடுத்ததை வாட்ஸ்அப்பில் அனுப்பி, ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டு, போனிலிருந்து அழித்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். அனுப்பிய கோப்பும் மூலக் கோப்பும் ஒன்றாக இருக்காது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதிநியமம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணு ஆதாரத்தோடு ஒரு சான்றிதழ் கேட்கிறது. அதில் அ பகுதியை ஆதாரம் தருபவரும் ஆ பகுதியை வல்லுநரும் நிரப்ப வேண்டும். கோப்பின் கைரேகை மாதிரியான ஹாஷ் மதிப்பும் எழுத வேண்டும். கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் ஹாஷ் மாறிவிடும். அதனால் மூலப் போனையும் கோப்பையும் தொடாமல் வைத்திருங்கள். எஸ்.எம்.எஸ். அனுப்புநர் பெயர், முழு லிங்க், தேதி, நேரம் ஆகியவை படத்தில் தெரிய வேண்டும்.

அடுத்தது கடிதம். போன் போட்டுச் சண்டை போட்டதற்கு எந்த மதிப்பும் கிடையாது. 2011ஆம் ஆண்டு வந்த உணர்திறன் மிக்க தனிப்பட்ட தரவு விதிகளில் உடல்நிலை, மனநிலை, மருத்துவப் பதிவுகள் எல்லாம் அடங்கும். அவற்றை வைத்திருக்கும் நிறுவனம் ஒரு குறைதீர் அலுவலரை நியமித்து, பெயரையும் தொடர்பையும் இணையதளத்தில் போட வேண்டும். அவர் புகாருக்கு ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். பல சிறிய ஸ்கேன் மையங்களில் அப்படி ஒருவரே இருப்பதில்லை. இல்லை என்பதையும் அந்தத் தேதியோடு படமெடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் அலட்சியத்துக்கு ஆதாரம்.

கடிதத்தில் குற்றச்சாட்டைவிடக் கேள்விகள் முக்கியம். என் எந்தெந்த விவரம் வெளியே போனது, எந்தத் தேதியில் தெரியவந்தது, ரிப்போர்ட் மென்பொருளை நடத்தும் வெளி நிறுவனம் எது, என் பதிவை யார் எப்போது திறந்து பார்த்தார்கள் என்று காட்டும் லாக் பத்திரமாக இருக்கிறதா, மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவித்தீர்களா? 2022 ஏப்ரல் 28 உத்தரவின்படி, சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குச் சொல்லியாக வேண்டும். "லாக் பதிவுகளை அழிக்காமல் வையுங்கள்" என்ற வரி கண்டிப்பாக இருக்கட்டும். பதில் வராவிட்டால், கேட்டும் சொல்லவில்லை என்பதே பின்னால் உங்களுக்கு ஆயுதம். பதிவுத் தபால் 2025இல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. அதனால் ஸ்பீட் போஸ்ட்டில், பெற்றுக்கொண்டதற்கான சான்று கேட்டு அனுப்புங்கள். கூடவே உங்கள் மருத்துவப் பதிவின் நகலையும் கேளுங்கள். 2002ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும்.

போலீஸுக்குப் போவது எப்போது? பணம் போயிருந்தால் யோசிக்காமல் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு அழையுங்கள். மற்றபடி தேசிய சைபர் குற்றத் தளத்தில் பதிந்துவிட்டு, காவல் நிலையத்திலும் மனு கொடுத்து, புகார் வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். ஊழியர் யாரோ பட்டியலை விற்றிருக்கிறார் என்றால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 72ஏ பிரிவு பொருந்தும்: 3 ஆண்டு வரை சிறை, அபராதம் 25 லட்சம் வரை. வெளியாள் ஹேக் செய்த விஷயத்தில் மருத்துவமனை மேல் 72ஏ நிற்காது, ஏனென்றால் தெரிந்தே கொடுத்திருக்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173(4)இன் கீழ் துணை ஆணையருக்குத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்ட்ரேட். ஆனால் கிரிமினல் வழக்கிலிருந்து உங்கள் கைக்குப் பணம் வரும் என்று நம்பிக் காத்திருக்காதீர்கள்.

பணத்துக்கு இரண்டு வாசல். காசு கொடுத்துச் சிகிச்சை எடுத்த சாதாரணக் குடும்பத்துக்கு நாங்கள் சொல்வது நுகர்வோர் ஆணையம். வடசென்னைக்கான மாவட்ட ஆணையம் பார்க் டவுனில் இருக்கிறது. நேரில் போகாமல் இ-ஜாக்ரிதி தளத்திலும் தாக்கல் செய்யலாம். மருத்துவமனை எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போட 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. மணலி, எண்ணூர் பக்கம் இருப்பவர்கள் தங்கள் முகவரி எந்த ஆணையத்தில் வருகிறது என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வக்கீல் கட்டாயமில்லை. கட்டணம் கேட்கும் இழப்பீட்டைப் பார்த்து வருவதில்லை, நீங்கள் மருத்துவமனைக்குக் கட்டிய தொகையைப் பார்த்து வருகிறது. அது 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. 3,000 ரூபாய் ஸ்கேனுக்கு 5 லட்சம் இழப்பீடு கேட்டாலும் கட்டணம் பூஜ்யம்தான். இது தெரியாமல் பயந்து, கேட்க வேண்டியதைக் குறைத்துக் கேட்பவர்கள் உண்டு. காலக்கெடு 2 ஆண்டு.

மனுவில் இரண்டு காரணங்களையும் சேர்த்தே எழுத வேண்டும். நம்பிச் சொன்ன தனிப்பட்ட தகவலைச் சட்ட அனுமதியின்றி வெளியிடுவது நியாயமற்ற வணிக நடைமுறை என்று அதே சட்டத்தின் 2(47) சொல்கிறது. "நாங்க வெளியிடல, எங்களை ஹேக் பண்ணிட்டாங்க, நாங்களும் பாதிக்கப்பட்டவங்கதான்" என்பது அடுத்த நிமிடம் வரும் பதில். அதற்குத்தான் 2(11): சேவைக் குறைபாடு. நுகர்வோருக்குத் தெரிய வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் அதில் அடங்கும். கசிவு தெரிந்தும் உங்களிடம் சொல்லவில்லை என்றால், ஹேக் செய்தது யாராக இருந்தாலும் அந்த மறைப்பு அவர்கள் செய்ததுதான். நீங்கள் அனுப்பிய கடிதம் இங்கேதான் வேலை செய்கிறது. மன உளைச்சலுக்கும் இழப்பீடு கேட்கலாம். நின்றுபோன சம்பந்தம், வேலையிடத்தில் வந்த பேச்சு ஆகியவற்றைச் சாட்சியின் அஃபிடவிட்டோடு வையுங்கள்.

இரண்டாவது வாசல் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43ஏ: தரவைப் பாதுகாப்பதில் அலட்சியம் காட்டிய நிறுவனம் இழப்பீடு தர வேண்டும் என்ற பிரிவு. 5 கோடிக்கு உட்பட்ட கோரிக்கையை மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர்தான் அட்ஜுடிகேட்டிங் ஆபீசராக, அதாவது தீர்ப்புச் சொல்லும் அதிகாரியாக, விசாரிப்பார். இங்கே கட்டணம் கோரும் தொகையைப் பொறுத்தது: 1 லட்சத்துக்கு மேல் போனால் 5,000 ரூபாயும், மிச்சத் தொகையில் 2 சதவீதமும், விண்ணப்பத்துக்கு 50 ரூபாயும். 5 லட்சம் கேட்டால் 13,050 ஆகிறது. முடிந்தவரை 6 மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்கிறது விதி. இங்கே அலட்சியத்தோடு உங்களுக்கு நஷ்டம் ஏற்பட்டதையும் காட்ட வேண்டும். வெறும் மனக்கஷ்டத்தை வைத்து ஜெயிப்பது கடினம். உங்கள் பெயரில் கடன் எடுத்திருக்கிறார்கள், கணக்கிலிருந்து பணம் போயிருக்கிறது என்றால் இந்த வாசல். 2010இல் தமிழ்நாட்டுச் செயலரே ஒரு ஃபிஷிங் மோசடியில் வங்கியை 12 லட்சத்துக்கு மேல் கொடுக்கச் சொல்லி உத்தரவிட்டிருக்கிறார்.

புதிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். 2023 சட்டம், 2025 நவம்பரில் விதிகள். பாதுகாப்பில் தவறினால் 250 கோடி வரை அபராதம் என்பது உண்மை. ஆனால் அந்த அபராதம் அரசுக் கருவூலத்துக்குப் போகிறது, நோயாளிக்கு ஒரு ரூபாய் கிடையாது. கசிவைப் பாதிக்கப்பட்டவருக்குச் சொல்லும் கடமை உட்பட முக்கியப் பகுதிகள் 18 மாதம் கழித்து, 2027 மே வாக்கில்தான் நடைமுறைக்கு வருகின்றன. அதே நாளில் 43ஏ பிரிவு சட்டத்திலிருந்து நீக்கப்படுகிறது. நோயாளிக்கு இழப்பீடு தரும் ஒரே தரவுப் பிரிவை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எதையும் வைக்காதது பெரிய அநியாயம் என்பதே எங்கள் கருத்து. 43ஏ மனு போட நினைப்பவர்கள் தள்ளிப்போடாதீர்கள்.

அரசு மருத்துவமனைக் கதை வேறு. ஸ்டான்லி போன்ற இடத்தில் எல்லோருக்கும் இலவசமாகத் தரப்படும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்தில் சேவை ஆகாது என்று 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 43ஏ-யும் நிறுவனங்களுக்குத்தான். அப்போது முதலில் டீனிடம் மனு, 10 ரூபாய்க் கட்டணத்தில் ஆர்.டி.ஐ., பிறகு 2017 புட்டசாமி தீர்ப்பின் அந்தரங்க உரிமையை வைத்து உயர் நீதிமன்றத்தில் ரிட். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100.

எச்.ஐ.வி. நிலை வெளியானால் 2017 எச்.ஐ.வி. சட்டத்தின் கீழ் ஒம்புட்ஸ்மேன் என்ற குறைகேட்பு அதிகாரியிடம் போகலாம். மனநலச் சிகிச்சை விவரம் என்றால் மனநலச் சட்டத்தின் 23ஆம் பிரிவு ரகசியத்தை உரிமையாகவே தருகிறது. இந்த இரண்டிலும் மனுவின் முதல் பக்கத்திலேயே பெயரை மறைக்கச் சொல்லி இடைக்கால மனு போடுங்கள். இல்லாவிட்டால் வழக்குப் பட்டியலே அடுத்த கசிவாகிவிடும்.

நோட்டீஸ் போனதும் பல இடங்களில் ஆளை அனுப்பிச் சமாதானம் பேசுவார்கள். பேசலாம், தப்பில்லை. நீட்டும் காகிதத்தில் "இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்" என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இந்தச் சம்பவத்துக்கு மட்டும், இன்றுவரை தெரிந்த இழப்புக்கு மட்டும் என்று திருத்தச் சொல்லுங்கள். எந்த விவரம் போனது, எந்த ஓட்டை அடைக்கப்பட்டது என்பதை அதே காகிதத்தில் எழுதி, சீல் வைத்துக் கேளுங்கள். தொகை செக்காகவோ வங்கிப் பரிமாற்றமாகவோ வரட்டும். போலீஸ் புகாரை வாபஸ் வாங்குவதாக எழுதித் தருவதென்றால், பணம் கணக்கில் ஏறிய பிறகு.