அப்பாவின் பைபாஸ்: எஸ்டிமேட்டில் வராத செலவுகள்

அப்பாவுக்கு நெஞ்சு வலி வரவே இல்லை. மாடி ஏறினால் மூச்சு வாங்கியது, அவ்வளவுதான். சர்க்கரை நாள்பட்டு நரம்புகளைப் பாதித்திருந்தால் இதயத்தின் வலி தெரியாமலே போகலாம் என்று டாக்டர் சொன்னார். ஆஞ்சியோ எடுத்து, அதாவது ரத்தக் குழாய்களுக்குள் மருந்து செலுத்திப் படம் பிடித்துப் பார்த்ததில், இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் மூன்று குழாய்களிலும் அடைப்பு.

அடைத்த குழாயை விரித்து உள்ளே சிறு வலைக்குழாய் வைக்கும் ஸ்டென்ட்டா, அடைப்பைத் தாண்டி ரத்தத்துக்கு மாற்றுவழி போடும் பைபாஸ் ஆபரேஷனா? எஸ்டிமேட்டில் ஸ்டென்ட்தான் மலிவு. ஆனால் சர்க்கரை உள்ளவர்களுக்குப் பல குழாய்களில் அடைப்பு இருந்தால், பைபாஸ் செய்தவர்களிடம் மரணமும் மாரடைப்பும் குறைவு என்று 2012-ல் வெளியான ஃப்ரீடம் ஆய்வு காட்டியதாம். பக்கவாத அபாயம் சற்றுக் கூடுதல் என்பதையும் டாக்டர் மறைக்கவில்லை. வைத்த ஸ்டென்ட் திரும்ப அடைபடுவதும் சர்க்கரைக்காரர்களுக்கே அதிகம். மறுபடி ஆஞ்சியோ, மறுபடி அட்மிஷன் என்று போனால் மலிவு எங்கே மிஞ்சும்? பைபாஸுக்குச் சம்மதித்தோம்.

அலைய வைத்தது இன்சூரன்ஸ்தான். அட்மிஷன் ஷீட்டில் டியூட்டி டாக்டர் 'சர்க்கரை, பல வருடங்களாக' என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, பாலிசி எடுக்கும்போதே நோய் இருந்ததா, சொன்னீர்களா என்று கேள்வி வந்தது. சர்க்கரை இருப்பதை அப்பா விண்ணப்பத்திலேயே குறிப்பிட்டிருந்தார். அதன் நகலையும், முதன்முதலில் சர்க்கரை கண்டுபிடித்த லேப் ரிப்போர்ட்டையும், மருந்து தொடங்கிய தேதியோடு குடும்ப டாக்டரின் கடிதத்தையும் சேர்த்து அனுப்பினேன். அப்புறம்தான் முன் அனுமதி கிடைத்தது. மஞ்சளடித்துப்போன அந்த லேப் தாளை அம்மா பத்திரமாக வைத்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்குமோ.

ஆபரேஷனுக்கு மொத்தமாகச் சொன்ன பேக்கேஜ் தொகையில் எதெல்லாம் சேராது என்று பில்லிங் கவுண்டரில் எழுதி வாங்கினேன். சர்க்கரை சார்ந்தவைதான் முக்கால்வாசி. ஆபரேஷனுக்குப் பிறகு ஐசியுவில் இன்சுலினைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். அதற்காக மணிக்கொரு தரம் விரலில் குத்திச் சுகர் பார்ப்பார்கள். பில்லில் அந்த ஸ்ட்ரிப்புகளே தனிப் பட்டியலாக ஓடின. சர்க்கரை டாக்டரின் விசிட், கிட்னிக்கான கிரியாட்டினின் டெஸ்ட் எல்லாம் தனி. சர்க்கரை ஏறியிருந்தால் புண்ணில் கிருமித் தொற்று வரலாம், ஆறவும் நாளாகும். தங்கும் நாள் கூடினால் பேக்கேஜ் கணக்கு தாண்டிவிடும்.

வீட்டுக்கு வந்தபின் மாதச் செலவு. ஆஸ்பிரின், ஸ்டேட்டின், மெட்ஃபார்மின் எல்லாம் பழைய மருந்துகள், ஜெனரிக்கில் பெரிய சுமையில்லை. பாரமாக இருந்தது எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரை. இதய நோயுள்ள சர்க்கரைக்காரர்களிடம் இதயக் கோளாறால் வரும் மரணத்தையும், இதயச் செயலிழப்புக்காக ஆஸ்பத்திரியில் சேர்வதையும் அது குறைத்ததாக 2015-லேயே ஆய்வு வந்துவிட்டதால் நிறுத்தவும் மனமில்லை. பிராண்ட் பெயருக்குப் பதில் மருந்தின் மூலப்பெயரை எழுதித் தரச் சொல்லி டாக்டரிடம் கேட்டேன். முகம் சுளிக்காமல் எழுதினார். கடைக்குக் கடை விலை விசாரிக்க அது வசதியாகிவிட்டது.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி, இடையிடையே கிட்னி டெஸ்ட், இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோ. டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவை எங்கள் பாலிசி குறிப்பிட்ட காலம்வரைதான் தரும் என்பதால், அதற்குள் முடிக்கக்கூடிய டெஸ்ட்டுகளை முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு எடுத்துவிட்டோம். அந்த கிளெய்ம் பெரிய கேள்வி எதுவும் இல்லாமல் பாஸாகிவிட்டது.