ஐசியுவுக்கு டிஸ்போஸபிள் பிராங்கோஸ்கோப்: ஃபைல் எங்கெல்லாம் சிக்கும்

பிராங்கோஸ்கோப் என்பது மூச்சுக்குழாய்க்குள் விட்டுப் பார்க்கவும் சளியை உறிஞ்சவும் உதவும், கேமரா வைத்த மெல்லிய குழாய். ஒருமுறை உபயோகித்துத் தூக்கிப்போடும் வகையை ஐசியுவுக்கு வாங்க ஃபைல் போட்டால், டாக்டர்களைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டம் என்று கம்பெனி ரெப் சொல்வார். அப்படியில்லை. மயக்க மருத்துவர்களும் ஐசியுகாரர்களும் டெமோ முடிந்ததுமே சரி என்றுவிட்டார்கள். நுரையீரல் துறை மட்டும் படம் தெளிவு போதாது என்றது; நியாயம்தான். பயாப்ஸி, ஈபஸ் (ஸ்கோப் வழியே செய்யும் அல்ட்ராசவுண்ட்) எல்லாம் உங்கள் ஸ்கோப்பிலேயே நடக்கட்டும், ராத்திரி ஐசியுவுக்கு மட்டும் கேட்கிறோம் என்று எழுதியதும் அவர்களும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஃபைல் படுத்தது பர்ச்சேஸில். 'ஸ்கோப் ஏற்கெனவே இருக்கிறதே, தடவைக்கு ஒன்றைத் தூக்கிப்போடுவதா?' பழைய ஸ்கோப்பின் ரிப்பேர் பயோமெடிக்கல் கணக்கில் போகிறது, கெமிக்கல் ஸ்டோர்ஸ் கணக்கில், டெக்னீஷியன் சம்பளம் வேறெங்கோ. அதனால் அது இலவசம் மாதிரித் தெரிகிறது. மூன்றையும் கூட்டி, வருடத்து உபயோகத்தால் வகுத்து, ஒரே தாளில் வையுங்கள். உதாரணத்துக்கு, ஏஎம்சியும் (வருடப் பராமரிப்பு ஒப்பந்தம்) ரிப்பேரும் 3 லட்சம் என்றால், வருடம் 60 கேஸுக்குத் தடவைக்கு 5,000 ரூபாய். 300 கேஸ் என்றால் 1,000தான். கேஸ் குறைவான இடத்தில்தான் டிஸ்போஸபிள் ஜெயிக்கும். கேஸ் நிறைய ஓடும் எண்டோஸ்கோப்பி அறைக்கும் சேர்த்துக் கேட்டால் இரண்டும் போய்விடும்.

அடுத்து வரும் கேள்வி: 'ஈடிஓ (கிருமி நீக்கும் வாயு) போட்டு நாலைந்து தடவை ஓட்டலாமே?' இதற்கு வாய்ப்பதில் போதாது, எழுத்தில் கொடுங்கள். இந்த ஸ்கோப்புகளில் லீக் டெஸ்ட் செய்ய வழி வைத்திருப்பதில்லை. உள்ளே ஓட்டை விழுந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. அழுக்குப் போகாத சேனலுக்கு (ஸ்கோப்புக்குள் சளி ஏறும் துளை) ஈடிஓ விட்டுப் பயனும் இல்லை. லேபிளில் ஒருமுறை என்று இருப்பதை மறுபடி உபயோகித்து ஏதாவது ஆனால் பொறுப்பு ஆஸ்பத்திரியுடையது.

இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல் கமிட்டியில் ஃபைலை நகர்த்தியது அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் எஃப்டிஏ 2021 ஜூனில் விட்ட அறிவிப்பு. பல மருந்துக்கு அடங்காத கிருமி உள்ள நோயாளி, எதிர்ப்புச் சக்தி குறைந்தவர், அல்லது உடனே கழுவ வசதியில்லாத நேரம்: இங்கெல்லாம் ஒருமுறை ஸ்கோப்பைப் பரிசீலிக்கச் சொல்கிறது. ராத்திரி டெக்னீஷியன் இல்லை, சளி சேனலுக்குள் காலைவரை காய்கிறது என்பதோடு இதைச் சேர்த்து வைத்தோம். எதிர்ப்பேச்சே இல்லை.

ஸ்கோப்பின் தடிமன் அளவில் ஸ்டோர்ஸ் சொதப்பியது. 3.8, 5.0, 5.8 மி.மீ. மூன்றையும் சமமாக ஆர்டர் போட்டார்கள். 3.8-ன் சேனல் 1.2 மி.மீ.தான்; கெட்டிச் சளியை உறிஞ்சாது. அது டபுள் லூமன் டியூபுக்கும் (இரண்டு நுரையீரலுக்கும் தனித்தனி வழியுள்ள மூச்சு டியூப்) சின்ன டியூபுக்கும்தான். 5.8 நன்றாக உறிஞ்சும், ஆனால் 7.0 மி.மீ. உள்விட்டமுள்ள மூச்சு டியூபில் விட்டால் சுற்றிலும் காற்றுப் போக இடமிருக்காது, வென்டிலேட்டர் அலாரம் அடிக்கும், டைடல் வால்யூம் (ஒரு மூச்சில் போகும் காற்றின் அளவு) விழும். டியூபின் உள்விட்டம் ஸ்கோப்பைவிட 2 மி.மீ.யாவது பெரிதாக வேண்டும். ஐசியுவுக்கு 5.0-தான் பெரும்பங்கு.

'மானிட்டர் இலவசம்' என்றால் உஷார். அதில் வேறு கம்பெனி ஸ்கோப் ஏறாது. அதே கம்பெனியின் அடுத்த தலைமுறை ஸ்கோப்கூட ஏறாமல் போகலாம். மானிட்டரை மாற்றித் தரும் பொறுப்பு யாருடையது, படத்தை யுஎஸ்பியில் எடுக்கலாமா, இரண்டையும் ரேட் கான்ட்ராக்டில் எழுதி வாங்குங்கள்.

பணம் கசியும் இடம் இன்னொன்று: பவுச், அதாவது ஸ்கோப் வரும் சீல் வைத்த உறை. நோயாளி தயாராகும் முன்பே சிஸ்டர் பிரித்துவிட்டு, புரொசீஜர் தள்ளிப்போனால் அந்த ஸ்கோப் குப்பைதான். டியூப் நம்பர் பார்த்து, டாக்டர் கையுறை போட்ட பிறகே பிரிக்க வேண்டும் என்று டிராலியில் ஒட்டிவையுங்கள்.

இன்ஷூரன்ஸ் பில்லில் தனி வரியாகப் போட்டால் கன்ஸ்யூமபிள் என்று டிபிஏ (இன்ஷூரன்ஸ் கிளெய்மைப் பார்க்கும் ஏஜென்சி) வெட்டக்கூடும். ப்ரீ-ஆத் (முன் அனுமதி) அனுப்பும்போதே காரணத்தோடு குறிப்பிடுங்கள். நோயாளியின் வீட்டாரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கழிவுக்குச் சிவப்புப் பை. நுனியில் கேமராவும் எல்இடியும் இருப்பதால், கழிவு எடுக்கும் ஏஜென்சியிடம் முதலிலேயே எழுதிக் கேட்டுவிடுவது நல்லது.

ஸ்டாக்கை கன்சைன்மென்டில் கேளுங்கள். பிரித்த பெட்டிக்கு மட்டும் பில். முதலில் முடியாது என்ற ரெப், மாதாந்தர எண்ணிக்கையைக் காட்டியதும் ஒத்துக்கொண்டார். எக்ஸ்பைரிக்கு மூன்று மாதம் இருக்கும்போது மாற்றித் தருவதையும் பிஓவிலேயே (பர்ச்சேஸ் ஆர்டர்) சேர்த்தாயிற்று.