திருவல்லிக்கேணி பெரிய பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழப் போகிறவர்களுக்கு

சென்னை திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் உள்ள வாலாஜா பள்ளிவாசலை ஊரார் பெரிய பள்ளிவாசல் என்றுதான் சொல்வார்கள். ஆற்காடு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் குடும்பத்தார் 1795இல் எழுப்பியது. இரும்பும் மரமும் சேர்க்காமல் கருங்கல்லிலேயே கட்டியிருக்கிறார்கள். கட்டிய ஆண்டைச் சொல்லும் பாரசீகக் கல்வெட்டு வாசகத்தை இயற்றியவர் நவாபிடம் பணிபுரிந்த ராஜா மக்கன்லால் கிராத், ஓர் இந்து. 'திக்ருல்லாஹ் அக்பர்' என்ற அந்தத் தொடரில் ஒவ்வோர் எழுத்துக்கும் அப்ஜத் கணக்கில் மதிப்புப் போட்டால் திக்ர் 920, அல்லாஹ் 66, அக்பர் 223. கூட்டினால் 1209, அதாவது ஹிஜ்ரி ஆண்டு. இறைவனை நினைப்பதே பெரிது என்னும் இந்த வாசகம் குர்ஆனில் தொழுகையைப் பற்றிய வசனத்தில் (29:45) வருகிறது. இதைவிடப் பொருத்தமான வாசகம் ஒரு பள்ளிவாசலுக்குக் கிடைக்காது. இந்த இடத்தின் அழகு தொழுகை நேரத்தில்தான் முழுமையாகத் தெரியும். அதனால் வெள்ளிக்கிழமை போங்கள்.

திருவல்லிக்கேணி, சேப்பாக்கம் பறக்கும் ரயில் நிலையங்களில் எதில் இறங்கினாலும் வந்து சேரலாம். குளித்து, சுத்தமான உடை உடுத்தி, அத்தர் பூசி வருவது சுன்னத், அதாவது நபிவழி. பச்சை வெங்காயமும் பூண்டும் சாப்பிட்டுவிட்டு வர வேண்டாம். பக்கத்தில் தொழுகிறவருக்கு அது தொல்லை என்பதால் நபிகள் நாயகம் (ஸல்) தடுத்திருக்கிறார்கள். செருப்பு வைக்க ஒரு துணிப்பை இருந்தால் நல்லது. தொழுகை முடிந்ததும் கூட்டம் ஒரே நேரத்தில் வெளியேறும்போது செருப்பு மாறிப்போவது சாதாரணம்.

தொழுகைக்கு முன் உறுப்புகளைக் கழுவும் ஒளுவில் அவசரப்படாதீர்கள். மனதில் நிய்யத் (எண்ணம்) வைத்து, மணிக்கட்டு வரை இரு கைகள், வாய் கொப்பளித்தல், மூக்குக்கு நீர் செலுத்திச் சிந்துதல், பிறகு முகம், முழங்கை உட்பட இரு கைகள், வலது முதலில். இவை ஒவ்வொன்றும் மும்மூன்று தடவை. அடுத்து தலைக்கு மஸ்ஹு (ஈரக் கையால் தடவுதல்), காதுகள், கடைசியில் கணுக்கால் உட்பட இரு கால்கள். அதிகம் விட்டுப்போவது குதிகாலின் பின்பக்கம். குழாயடியில் நின்றபடி காலை நீட்டினால் தண்ணீர் பாதத்தின் மேலாக ஓடிவிடும், குதிகால் காய்ந்தே இருக்கும். கையால் தேய்த்தால்தான் நனையும். இறுக்கமான மோதிரத்தை அசைத்துக் கழுவ வேண்டும். நகப்பூச்சும் பெயின்ட்டும் தண்ணீரைத் தடுப்பதால் முன்பே நீக்கியிருக்க வேண்டும். முழங்கைக்கு மேல் ஏறாத சட்டைக் கையும் இதே சிக்கலைத் தரும். இதற்காகக் குழாயை முழுக்கத் திறந்து வைக்க வேண்டியதில்லை. நாயகம் 'முத்து' என்னும் பழைய அளவில் ஒரு முத்து தண்ணீரில் ஒளு செய்திருக்கிறார்கள். அது ஒரு லிட்டர்கூட வராது, முக்கால் லிட்டருக்குச் சற்று முன்பின் இருக்கும்.

பழைய பள்ளிகளில் பெரிய ஹவுள் (ஒளு செய்யும் நீர்த்தொட்டி) கட்டியதற்கும் சட்டக் காரணம் உண்டு. ஹனஃபி மத்ஹபில் (மார்க்கச் சட்ட மரபில்) பத்துக்குப் பத்து முழம் பரப்புள்ள நீர்நிலை ஓடும் நீரின் நிலையைப் பெறுகிறது. நிறமோ மணமோ சுவையோ மாறாத வரை, அசுத்தம் விழுந்தாலும் அது கெடுவதில்லை. ஷாஃபிஈ மத்ஹபில் அளவு இரண்டு குல்லத் (பழைய நீர் அளவு), ஏறத்தாழ இருநூறு லிட்டர்.

உள்ளே போனதும் உட்காருவதற்கு முன் பள்ளிக்குக் காணிக்கையான தஹிய்யத்துல் மஸ்ஜித் தொழுகையை இரண்டு ரக்அத் (சுற்று) தொழுங்கள். முன் ஸஃப்பில் (வரிசையில்) இடம் தெரிகிறதே என்று உட்கார்ந்திருப்பவர்களின் தோள்களைத் தாண்டிப் போகாதீர்கள். முன் வரிசையின் நன்மை முன்னதாக வந்தவர்களுக்கு உரியது. இமாம் மிம்பர் மேடையில் ஏறி குத்பா உரை தொடங்கிய பிறகு பேச்சே கூடாது. பேசுகிறவரைப் பார்த்து 'சும்மா இரு' என்று சொல்வதும் வீண் பேச்சில் சேரும் என்பது ஹதீஸ். கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு குத்பா கேட்பவர்களைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. வாரத்தில் ஒரு முறை வரும் அந்தச் சில நிமிடங்கள் அதற்குள் கரைந்துவிடுகின்றன.

இரண்டு குத்பாக்களுக்குப் பின் இகாமத் (தொழுகை தொடங்கும் அழைப்பு), பிறகு இரண்டு ரக்அத் ஃபர்ளு (கடமைத் தொழுகை). தாமதமாக வந்தால் ஓடாதீர்கள். நிதானமாக நடந்து வந்து கிடைத்ததைத் தொழுது, விடுபட்டதை நிறைவு செய்ய வேண்டும். இரண்டாவது ரக்அத்தின் ருகூவில் (குனியும் நிலையில்) இமாமுடன் சேர்ந்துவிட்டால் ஜும்ஆ கிடைத்துவிட்டது. இமாம் ஸலாம் சொல்லி முடித்த பிறகு எழுந்து ஒரு ரக்அத் தொழுதால் போதும். ருகூவும் தவறிவிட்டால் ஷாஃபிஈகள் லுஹராக (நண்பகல் தொழுகையாக) நான்கு ரக்அத் தொழுவார்கள். ஹனஃபிகளுக்கு கடைசி இருப்பான அத்தஹிய்யாத்தில் சேர்ந்தாலும் ஜும்ஆதான், இரண்டு ரக்அத். வெளியூரிலிருந்து வந்த முஸாஃபிருக்கு ஜும்ஆ கட்டாயமில்லை, தொழுதால் கூடும். ஆனால் பயணி இரண்டாகச் சுருக்கித் தொழக்கூடிய நான்கு ரக்அத் வேளைகளில் ஊர் இமாமின் பின்னால் நின்றுவிட்டு இரண்டோடு ஸலாம் கொடுக்கக் கூடாது. இமாமைப் பின்பற்றியதால் நான்கும் தொழ வேண்டும். இது பலர் சறுக்கும் இடம்.

தங்கியிருக்கும் அறையில் தொழுபவர்கள் கிப்லா (தொழும் திசை) மேற்கு என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். சென்னையிலிருந்து கஅபா நேர் மேற்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 18 பாகை சாய்ந்திருக்கிறது.

பள்ளி வளாகத்தில் லக்னோ ஃபரங்கி மஹலிலிருந்து வந்த பேரறிஞர் பஹ்ருல் உலூம் அப்துல் அலி அவர்களும், 1972இல் மறைந்த காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாகிப் அவர்களும் அடங்கியிருக்கிறார்கள். கப்ருக்கு ஸலாம் சொல்லி, ஃபாத்திஹாவோ யாஸீனோ ஓதி அவர்களுக்காக துஆ கேளுங்கள். ஸஜ்தா (தலையைத் தரையில் வைத்து வணங்குதல்) அல்லாஹ்வுக்கு மட்டுமே உரியது. முஸ்லிம் அல்லாத நண்பர்கள் வர விரும்பினால் தொழுகை நேரம் தவிர்த்து, முழங்காலும் தோளும் மறையும் உடையில், அங்கிருக்கும் மோதினாரிடமோ (பாங்கு சொல்பவரிடமோ) நிர்வாகத்தாரிடமோ கேட்டு வரலாம். தொழுகிறவரின் குறுக்கே நடப்பதும் அவரைப் படம் எடுப்பதும் வேண்டாம்.

ரமலானில் வந்தால் ஓர் அரிய காட்சி. மயிலாப்பூர் சூஃபிதார் கோயிலைச் சேர்ந்த சிந்தி இந்துக்கள் பல பத்தாண்டுகளாக இங்கே நோன்பு திறப்போருக்கு உணவு பரிமாறி வருகிறார்கள். தலையில் தொப்பி அணிந்து வரிசை வரிசையாகப் பரிமாறுவார்கள். பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழமும் தண்ணீரும் எடுத்து நோன்பைத் திறந்துவிடுங்கள், தாமதிக்காமல் திறப்பதே சுன்னத். சில நிமிடங்களில் அந்திநேர மஃரிப் ஜமாஅத் (கூட்டுத் தொழுகை) தொடங்கிவிடும். சூடான உணவைப் பாதியில் விட்டு ஓடவோ, அதற்காக ஜமாஅத்தைத் தவறவிடவோ வேண்டாம் என்றால் முதலில் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளுங்கள், மீதியைத் தொழுத பின் வாங்கிக்கொள்ளலாம். எழும்போது வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு ஸஃப்புக்குப் போங்கள்.