ஆருக்குப் புள்ள குளிர்த்தி?

2005 தொடக்கத்தில் மட்டக்களப்பில் உளசமூகப் பணியாளராகச் சேர்ந்தேன். சுனாமியாகக் கடல் வந்துபோய்ச் சில வாரங்கள்தான். கையில் ஒரு கேள்விப் படிவம்: நித்திரை வருகிறதா, கெட்ட கனவு வருகிறதா, ஓம், இல்லை. முகாமில் ஒரு அம்மா எல்லாவற்றுக்கும் "ஓம்" சொல்லிவிட்டு, "நெஞ்செல்லாம் எரியுது மகள்" என்றார். அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதிவைத்தேன். அலுவலகத்தில் யாரோ அதை வயிற்றுப்புண் என்று பதிந்துவிட்டார்கள்.

அந்த வைகாசியில் தன் ஊர்க் கண்ணகி அம்மன் கோயிலுக்கு அவர் என்னையும் கூட்டிப்போனார். எங்கள் பக்கத்தில் பல கண்ணகி கோயில்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் கதவு திறப்பு. கல்யாணக்கால் நட்டு, இரவிரவாகக் கண்ணகி கதைப் பாடலான வழக்குரை படித்து, பூரணையை ஒட்டிக் குளிர்த்தி பாடி முடிப்பார்கள். மதுரையை எரித்துவிட்டு வந்தவளின் கொதிப்பைத் தணிக்கிற சடங்கு அது. 1990இல் போரில் காணாமல்போன மகனை இன்னும் தேடுகிறவர்களும், பேரப்பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்தவர்களும் ஒரே மணலில் உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு ஏற ஏற அழுகையும் ஏறியது. யாரும் யாரையும் அழவேண்டாம் என்று தடுக்கவில்லை. விடியும்போது அந்த அம்மா, "இப்ப கொஞ்சம் குளிந்து கிடக்கு" என்றார். முகாமில் சொன்ன எரிச்சல் எதுவென்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

விளங்கிவிட்டது என்று நினைத்ததுதான் பிழையாகப் போனது. போர் தனியாட்களை மட்டுமல்ல, சமூகத்தையே காயப்படுத்துகிறது, ஆற்றுவதும் அந்த மட்டத்தில் நடக்கவேண்டும் என்று யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் எழுதியதை ஆர்வத்தோடு படித்திருந்தேன். அடுத்த செயலமர்விலேயே 'குளிர்த்தி அமர்வு' என்று ஒரு மணி நேரம் போட்டேன். பிளாஸ்டிக் கதிரைகள், ஒரு பானை, வேப்பிலை, படம் எடுக்க ஒருவர். தேநீருக்கு முன் முடிக்கவேண்டும். ஒருவரும் அழவில்லை. ஒரு ஆச்சி மட்டும் கேட்டார்: "அம்மன் இல்லாம ஆருக்குப் புள்ள குளிர்த்தி?"

அறிக்கையில் 'பங்கேற்பு திருப்திகரம்' என்று எழுதினேன். இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

அப்புறம் சடங்கைக் கையில் எடுப்பதை விட்டுவிட்டோம். கடல் அழித்த நாவலடியிலிருந்து திராய்மடுவுக்குக் குடியேறிய சனங்கள் சடங்குக்குப் பழைய ஊர்ப்பக்கம் போய்வர பஸ் பிடித்துக் கொடுத்தோம். கணக்கில் அதை எந்தத் தலைப்பில் காட்டுவது என்பதற்கே இரண்டு கூட்டம் நடந்தது. சடங்கு முடிந்து இரண்டு நாள் விட்டு வீடுகளுக்குப் போவோம். படிவம் கொண்டுபோவதில்லை. கேட்காமலே பேசுவார்கள்.

எல்லாம் சரி என்று சொல்லமாட்டேன். பேயோட்டுகிறேன் என்று பிரம்பால் விளாசும் இடங்களையும் பார்த்திருக்கிறேன். அங்கே மரபு, பண்பாடு என்று விட்டுக்கொடுக்க என்னால் முடியவில்லை. ஆனால் மந்திரித்து நூல் கட்டுகிற ஒரு கட்டாடியார் தானாகவே ஒரு பொடியனை எங்களிடம் கூட்டிவந்தார். தனியே கதைக்கிறான், சாப்பாடு இல்லை. "இது என்ட நூலுக்கு அடங்காது, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க. நூலை மட்டும் அறுக்க வேணாம் எண்டு டொக்டரிட்டச் சொல்லுங்க" என்றார்.

டொக்டர் நூலைத் தொடவில்லை. பொடியன் முதல் கிழமை குளிசையைத் துப்பினான். கட்டாடியார் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "போடு மனே" என்ற பிறகுதான் விழுங்கினான்.