தண்டையார்பேட்டை, 25,000 ரூபாய், ஒரு பழைய கேமிங் பிசி

31 மே 2025, சனி

சீட்டுப் பணம் கைக்கு வந்தாச்சு. வீட்டுக்குக் கொடுத்தது போக 25,000 ரூபாய் வீட்டுல இருக்கிற பழைய கேமிங் கம்ப்யூட்டரை மேம்படுத்த. அதுக்கு மேல ஒரு ரூபாய்கூட தாண்டாதுன்னு அம்மாவிடம் வாக்கு கொடுத்திருக்கேன்.

இருக்கிறது இதுதான்: ரைசன் 5 2600 பிராசஸர், பி450 மதர்போர்டு, ஒரே ஸ்டிக்கா 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1650 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 75 ஹெர்ட்ஸ் மானிட்டர், கேபினெட்டோடவே வந்த எஸ்எம்பிஎஸ் (கரன்ட் பிரிச்சுக் குடுக்கற பவர் சப்ளை பெட்டி). தம்பி வாலரண்ட் ஆடுவான். எனக்கு சைபர்பங்க் 2077. அவன் பிராசஸர்னு நிக்கிறான், நான் கார்டுன்னு நிக்கிறேன். எது எவ்வளவு உழைக்குதுன்னு காட்டற ஆஃப்டர்பர்னர் சாஃப்ட்வேரைப் போட்டு அளந்து பார்த்துட்டு அப்புறம் பேசலாம்னு முடிவு.

2 ஜூன், திங்கள்

சைபர்பங்க்: கார்டு 99 சதவீதத்துல நிக்குது, 4 ஜிபி மெமரி ரொம்பி வழியுது, பிராசஸர் பாதிகூட வேலை செய்யல. எஃப்பிஎஸ் (ஒரு நொடிக்குத் திரையில வர்ற படங்கள்) முப்பத்தி சொச்சம். தடை கார்டுல.

வாலரண்ட்: கார்டு 55 சதவீதம்தான். சராசரி 140 வருது. ஆனா நாலு பேர் ஒரே இடத்துல மோதும்போது 70-க்கு விழுது. பிராசஸர் மொத்தக் கணக்கு 35 சதவீதம்னு காட்டும், அதை நம்பக்கூடாது. பிராசஸருக்குள்ள இருக்கிற கோர் ஒவ்வொண்ணையும் தனித்தனியா பிரிச்சுப் பார்த்தா ஒரு கோர் மட்டும் உச்சியில நிக்குது. 8 ஜிபி ரேம்ல 7.4 ஜிபி நிரம்பிடுது. ஒரே ஸ்டிக்னா சிங்கிள் சேனல், அதாவது டேட்டா ஒரே பாதையில போகும்; ரைசனுக்கு அது பெரிய குறை. அதனால தம்பி கேக்கிறதுல பாதிக்கு விடை பிராசஸர்ல இல்ல, ரேம்ல இருக்குன்னு தோணுது.

5 ஜூன், வியாழன்

சாயங்காலம் கேபினெட் மூடியைக் கழட்டி எஸ்எம்பிஎஸ் லேபிளை டார்ச் அடிச்சுப் பார்த்தேன். மேல பெரிய எழுத்துல 450 வாட்ஸ். கீழ சின்னக் கட்டத்துல 12 வோல்ட் லைனுக்கு 16 ஆம்ப்னு போட்டிருக்கு. பெருக்கினா 192 வாட்ஸ். கார்டும் பிராசஸரும் குடிக்கிறது பெரும்பாலும் அந்த 12 வோல்ட்லதான், மேல போட்டிருக்கிற 450 நமக்கு உதவாது. நான் பார்த்து வெச்சிருக்கிற ஆர்எக்ஸ் 6600 கார்டு மட்டுமே 132 வாட்ஸ், பிராசஸர் 65. அதுக்கே இது போதல. 6600-க்கு வேண்டிய 8 பின் வயரும் இதுல கிடையாது.

எங்க தெருவுல ராத்திரி எல்லா வீட்டிலயும் ஏசி ஓடும்போது வோல்டேஜ் இறங்கி ஏறும். அதனால முதல் செலவு எஸ்எம்பிஎஸ்தான்னு இன்னைக்கே எழுதி வெச்சுட்டேன். கேம்ல ஒரு எஃப்பிஎஸ்கூட அதால ஏறாது. ஆனா அது போனா கூடவே போர்டையும் கார்டையும் இழுத்துக்கிட்டுப் போகும்.

7 ஜூன், சனி

மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்துல இறங்கி, கம்ப்யூட்டர் கடைங்க நிறைஞ்ச ரிச்சி தெரு. ஞாயிறுன்னா பாதிக்கு மேல ஷட்டர் இறங்கியிருக்கும், சனிக்கிழமைதான் சரி.

முதல் கடைக்காரர் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-யை எடுத்து மேசைமேல வெச்சார். "தம்பி, புது பீஸ், வாரண்டியோட 12,000. இந்த பட்ஜெட்டுக்கு இதான் செட் ஆவும்." அவர் சொன்ன விலை சரிதான், கார்டுதான் நம்ம போர்டுக்கு ஆகாது. அது பிசிஐஇ-ல (கார்டும் போர்டும் டேட்டா மாத்திக்கிற பாதை) நாலே லேன்ல ஓடற கார்டு. பிசிஐஇ 4.0 போர்டுல சமாளிச்சிடும். பி450-ல இருக்கிறது 3.0, அதனால பாதை பாதியா சுருங்கிடும். மெமரியும் அதே 4 ஜிபி. வீடியோ என்கோடர் வேற இல்ல; தம்பி ஆடறதை ரெக்கார்ட் பண்றவன். வேணாம்னுட்டேன்.

இன்னொரு கடையில ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி காட்டினாங்க. 70 வாட்ஸ், தனி பவர் வயரே வேணாம். பழைய எஸ்எம்பிஎஸ்ஸை வெச்சே ஓட்டிடலாமேன்னு கொஞ்ச நேரம் மனசு ஆடிச்சு. ஆனா வேகத்துல 6600-க்கு நல்லாவே கீழ. எஸ்எம்பிஎஸ்ஸைக் காப்பாத்தறதுக்காக கார்டை இறக்கறது எனக்குச் சரியா படல.

6600 புதுசு 20,000 கேக்கறாங்க. ரேடியான் 9060 எக்ஸ்டி ரெண்டு நாள் முன்னாடி வந்திருக்கு, போன மாசம் ஆர்டிஎக்ஸ் 5060. ஆளுங்க பழசை விக்க ஆரம்பிப்பாங்க. செகண்ட் ஹேண்ட் பார்க்கலாம்.

550 வாட்ஸ், வெண்கல (Bronze) தரச்சான்று எஸ்எம்பிஎஸ் 3,900, இருக்கிற ரேமுக்கு ஜோடியா அதே 2666 வேகத்துல 8 ஜிபி 1,750. ஜிஎஸ்டி பில்லோட வாங்கினேன்.

10 ஜூன், செவ்வாய்

தம்பி ராத்திரி சோறு சாப்பிடும்போது ஆரம்பிச்சான். "அப்போ என் பிராசஸர் இன்னாணா ஆச்சு?"

"1650-ஐ வித்துட்டு அதுல வாங்கலாம்டா."

"விக்கலன்னா?"

நியாயமான கேள்வி. கணக்கை ஒரு நோட்டுல போட்டு அவன்கிட்டயே குடுத்துட்டேன்.

14 ஜூன், சனி

காசிமேடு பக்கம் ஒரு வீட்டுல 6600, விலை 12,000. கார்டை எடுத்துத் திருப்பினதுமே தெரிஞ்சிது. மானிட்டர் வயர் சொருகற தகடு ஓரமெல்லாம் செந்துரு, ஹீட்சிங்க் தகடு இடுக்குல வெள்ளையா பூத்திருக்கு. கடல் காத்து. ஜன்னலோரம் வெச்சிருந்தாங்களாம். ஓடிச்சு, நல்லாவே ஓடிச்சு. ஆனா உள்ள போர்டுல எது வரைக்கும் உப்பு ஏறியிருக்குன்னு வெளியிலிருந்து சொல்ல முடியாது. விட்டுட்டு வந்துட்டேன்.

அடுத்து பெரம்பூர். 13,500 சொன்னார். பெட்டியும் பில்லும் இருந்துச்சு, பெட்டியில இருக்கிற சீரியல் நம்பரும் கார்டுல இருக்கிறதும் ஒண்ணு. அவர் பிசியிலேயே, கார்டை முழுசா உழைக்க வெச்சுச் சோதிக்கிற ஃபர்மார்க்கை அரை மணி நேரம் ஓட விட்டேன். சூடு ஒரு அளவுக்கு ஏறி நின்னுடுச்சு, ஃபேன்ல கரகரப்பு இல்ல, திரையில புள்ளி கோடு எதுவும் இல்ல. ஒவ்வொரு போர்ட்லயும் வயர் மாத்திச் சொருகிப் பார்த்தேன். அவர் சலிச்சுக்காம உக்காந்திருந்தார், அந்தப் பொறுமைக்காகவே விலையில பேரம் பேசல.

15 ஜூன், ஞாயிறு

மாட்டியாச்சு. ரேமை ரெண்டாவது, நாலாவது ஸ்லாட்ல போடணும். பக்கத்துப் பக்கத்துல போட்டா டூயல் சேனல் வராது.

சைபர்பங்க் மீடியம் செட்டிங்ல 60-க்கு மேல. வாலரண்ட் மோதல்ல 70-க்கு விழுந்தது இப்போ 110-க்குக் கீழ போகல, அதுவும் ரேம் மட்டும் மாத்திட்டுப் பார்த்தப்பவே. மானிட்டர் 75 ஹெர்ட்ஸ்தானே, இது தாராளம். தம்பி முகத்துல சிரிப்பு வந்துடுச்சு. ஆனா சைபர்பங்க்ல ஜனம் நெருக்கற தெருவுக்குப் போனா கார்டு 80 சதவீதத்துக்கு இறங்குது. இப்போ பிராசஸர்தான் பின்தங்குது, தம்பி கேட்டதுக்கு வேளை வந்துடுச்சு. செலவு 19,150, கையில 5,850.

21 ஜூன், சனி

பழைய 1650 கார்டு 5,000 ரூபாய்க்குப் போச்சு. 9,600 குடுத்து ரைசன் 5 5600. அது 2022-ல வந்த பிராசஸர், நம்ம போர்டு பயாஸ் (போர்டுக்குள்ளயே இருக்கிற அடிப்படை சாஃப்ட்வேர்) 2019-து. பழைய பிராசஸர் இருக்கும்போதே புது பயாஸை ஏத்திக்கணும். யூபிஎஸ் ஃபுல் சார்ஜ் ஆன பிறகுதான் பென்டிரைவைச் சொருகினேன், நடுவுல கரன்ட் போனா போர்டு போச்சு.

கூலரைக் கழட்டும் முன்னாடி பத்து நிமிஷம் கேம் ஓட்டிச் சூடாக்கி, ஆஃப் பண்ணி, மெதுவா இடம் வலமா திருப்பித்தான் தூக்கினேன். இந்த சாக்கெட்ல பின் பிராசஸர்ல இருக்கு. கூலருக்கும் பிராசஸருக்கும் நடுவுல தடவியிருக்கிற பேஸ்ட் இறுகியிருந்தா கூலரோட பிராசஸரும் பிச்சுக்கிட்டு வரும், பின் வளையும். நல்லபடியா வந்துச்சு.

கார்டு மறுபடியும் 99 சதவீதம், ஜனநெரிசல் தெருவுலயும். 1,250 மிச்சம், அம்மாகிட்ட குடுத்தாச்சு.

கழட்டின 2600-ஐ தம்பியோட ஃபிரெண்ட் கேக்கறான். அவன்கிட்ட இருக்கிறது முதல் தலைமுறை ரைசன், விண்டோஸ் 11 ஏத்துக்கிற பிராசஸர் பட்டியல்ல அது இல்ல, 2600 இருக்கு. விண்டோஸ் 10-க்கு அக்டோபர் 14-ஓட சப்போர்ட் நிக்குது. அவன் போர்டு மாடல் நம்பரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கேன், பயாஸ் பார்த்துட்டுத்தான் குடுக்கணும்.