கடலூரில் வீடு வாங்கிய பத்து மாதங்கள்

2024 ஜூன் மாதத்தில், சென்னை மேடவாக்கத்தில் நாங்கள் ஆறு ஆண்டுகளாகக் குடியிருந்த வீட்டின் வாடகை 19,000 ரூபாயிலிருந்து 22,000 ஆகும் என்று வீட்டுக்காரர் தெரிவித்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. அக்கம்பக்கத்தில் அதுதான் நடப்பு. ஆனால் அன்றிரவு நானும் மனைவியும் உட்கார்ந்து கணக்குப் போட்டபோது, அதே பகுதியில் 850 சதுர அடி அடுக்குமாடி வீடு ஒன்றை வாங்க ஏறத்தாழ 55 லட்சம் வேண்டும் என்பதும், அதற்கு நிலத்தில் கிடைக்கும் பிரிபடாத பங்கு கால் கிரவுண்டுகூட இருக்காது என்பதும் தெளிவாயின. நான் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன்; மாதத்தில் நான்கு நாள் அலுவலகத்துக்குப் போனால் போதும். மனைவிக்குப் பிறந்த ஊர் பண்ருட்டி. கடலூர் என்ற பெயர் அப்படித்தான் எங்கள் பேச்சில் நுழைந்தது.

உண்மையில் நாங்கள் முதலில் நினைத்தது புதுச்சேரியை. நகருக்குள் விலை எங்கள் கைக்கு எட்டவில்லை. கடலூர்ச் சாலையில் கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில் பக்கம் எட்டியது. ஆனால் பிரெஞ்சு ஆட்சியின் மிச்சமாகப் புதுச்சேரி நிலம் தமிழக ஊர்களுக்கிடையே துண்டு துண்டாகக் கிடப்பதால், முள்ளோடை எல்லையைத் தாண்டினால் பத்திரப்பதிவு, வருவாய்த் துறை, குடும்ப அட்டை எல்லாமே வேறு நிர்வாகம். எங்கள் ஆவணங்கள் அனைத்தும் தமிழ்நாட்டில் இருக்க, அந்த மாற்றத்தையும் சேர்த்துச் சுமக்கத் தெம்பில்லை. கடலூரில் இருந்தாலும் ஜிப்மர் மருத்துவமனை ஒரு மணி நேரத்துக்குள் எட்டக்கூடியதுதான் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டோம்.

கடலூரில் விலை ஏன் தெருவுக்குத் தெரு இவ்வளவு மாறுகிறது என்பது முதல் இரண்டு மாதங்கள் எனக்கு விளங்கவில்லை. வடக்கே தென்பெண்ணை, மஞ்சக்குப்பத்துக்கும் திருப்பாதிரிப்புலியூருக்கும் நடுவே கெடிலம், கிழக்கே கடல். 2004இல் சுனாமி, 2011 டிசம்பர் 30இல் தானே புயல், 2015 நவம்பரில் பெருவெள்ளம் என்று இந்த ஊர் வாங்காத அடி இல்லை. தரகர்கள் சதுர அடி விலை சொல்வார்கள். தண்ணீரைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள். கூத்தப்பாக்கத்தில் ஒரு பெட்டிக்கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, கடைக்கார அம்மாவிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். "இந்தத் தெருவுல நிக்காது தம்பி. அந்தக் கோடியில கல்வெர்ட்டு இருக்கு பாருங்க, அதுக்கு அந்தாண்டை போனா இடுப்பளவு" என்றார். கல்வெர்ட்டுக்கு அப்பால் இருந்த மனையின் விலை இப்பால் இருந்ததைவிடச் சதுர அடிக்கு 600 ரூபாய் குறைவு. அன்றிலிருந்து எந்த வீட்டைப் பார்க்கப் போனாலும் முதலில் அந்தத் தெருவில் ஒரு கடை தேடித் தேநீர் குடிப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

ஆகஸ்டில் ஒரு வீடு பிடித்துப்போனது. திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம், கிணற்றில் நல்ல தண்ணீர், விலை 39 லட்சம். ஆர்வக்கோளாறில் ஒரு லட்சம் முன்பணம் கொடுத்து, கிரய ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டுவிட்டேன். அது நான் செய்த தவறு. வழக்கறிஞர் ஆவணங்களைப் பார்த்த பிறகுதான் பணம் கைமாறியிருக்க வேண்டும். முப்பது ஆண்டு வில்லங்கச் சான்றிதழில் ஒரு கறையும் இல்லை என்பதே என் தைரியமாக இருந்தது. வழக்கறிஞர் அதை ஓரமாக வைத்துவிட்டு, "வாரிசுச் சான்றிதழ் எங்கே சார்?" என்று கேட்டார். விற்பவர்கள் இரண்டு சகோதரர்கள். வீடு அவர்களுடைய தந்தை சம்பாதித்தது. அவர் உயில் எழுதாமல் இறந்திருக்கிறார். சான்றிதழ் வந்தபோது அதில் மூன்றாவதாக ஒரு சகோதரியின் பெயர் இருந்தது. தந்தை உயிலின்றி இறந்தால் அவருடைய சொந்தச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு என்பது 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. சகோதரர்களோ, "அவளுக்குக் கல்யாணத்தப்பவே எல்லாம் செஞ்சாச்சு" என்றார்கள். செய்தது நகையாக இருக்கலாம். தன் பங்கை விட்டுக்கொடுத்து அவர் எழுதிப் பதிவான விடுதலைப் பத்திரமாக இல்லை. வில்லங்கச் சான்றிதழ் பதிவான பரிமாற்றங்களை மட்டுமே காட்டும், பதிவாகாத உரிமையைக் காட்டாது என்ற எளிய உண்மை எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த அம்மாள் கையெழுத்திட மறுத்தார். அவர் பக்கம்தான் நியாயம் என்று எனக்கும் பட்டது. என் முன்பணம் மூன்று தவணையாக, தீபாவளிக்குப் பிறகு முழுமையாகத் திரும்பி வந்தது.

இதற்கிடையில் ஊருக்கு வெளியே "பஞ்சாயத்து அப்ரூவல்" என்ற பெயரில் மலிவான மனைகள் பலவற்றைக் காட்டினார்கள். அங்கீகாரமில்லாத மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்துவது 2016 அக்டோபர் 20 என்ற தேதியை ஒட்டியே நடக்கிறது என்பதும், அதற்குப் பின் போடப்பட்ட அங்கீகாரமற்ற மனையைப் பதிவு செய்வதே சிக்கல் என்பதும் தெரிந்திருந்ததால், அந்தப் பக்கம் நான் நேரத்தைச் செலவிடவில்லை.

நவம்பரில் தென்பெண்ணைக் கரையை ஒட்டிய ஒரு பகுதியில் இன்னொரு வீட்டைப் பேசி முடிக்கும் கட்டத்தில் இருந்தோம். அங்கே பெட்டிக்கடை ஏதும் இல்லை. பக்கத்து வீட்டாரும் புதிதாகக் குடிவந்தவர்கள். நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புயல் போன பிறகுதான் பெரிய தண்ணீர் வந்தது: மேற்கே கொட்டித்தீர்த்த மழையால் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.6 லட்சம் கன அடிக்கும் மேல் திறந்துவிடப்பட, தென்பெண்ணை கரையை மீறியது. இரண்டு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். கூடத்துச் சுவரில், மின்விளக்குச் சுவிட்ச் இருக்கும் உயரத்தில், அளவுகோல் வைத்து இழுத்தாற்போல் சேற்றுக் கோடு. உரிமையாளர் சுண்ணாம்பு அடிக்க ஆளைக் கூப்பிட்டிருந்தார். ஒரு மாதம் தாமதித்துப் போயிருந்தால் நான் அந்தக் கோட்டைப் பார்த்திருக்கவே மாட்டேன்.

கடைசியில் வாங்கியது, பெட்டிக்கடை அம்மா "நிக்காது" என்று சொன்ன அதே தெருவில். 1,200 சதுர அடி மனை, அதில் 2009இல் முறையான வரைபட அனுமதியோடு கட்டிய 900 சதுர அடி வீடு, விலை 42 லட்சம். விற்றவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். தாய்ப் பத்திரம், பட்டா, புலப்படம், வீட்டுவரி ரசீதுகள் அனைத்தையும் ஆண்டுவாரியாகக் கோத்து வைத்திருந்தார். ஆனால் அவரும், அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம் போட்டுவிட்டு மீதியை ரொக்கமாகத் தரலாமே என்று கேட்காமல் இல்லை. நான் இணங்காததற்கு நேர்மை மட்டும் காரணமன்று. வங்கி பத்திரத்தில் உள்ள தொகைக்குத்தான் கடன் தரும். தவிர, சொத்து விற்பனையில் 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, பிடிபட்டால் அபராதம் வாங்கியவருக்கே என்பதைச் சொன்னதும் அவர் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

கையில் எவ்வளவு பணம் வேண்டும் என்பதில்தான் என்னைப் போன்ற பலரும் தடுமாறுகிறோம் என்று நினைக்கிறேன். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில், வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சவரம்பு. எங்களுக்கு அது 33,60,000 ரூபாய். மீதி 8,40,000 எங்களுடையது. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், 2023 ஏப்ரலில் 4லிருந்து 2 ஆகக் குறைக்கப்பட்ட பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம், அதாவது 3,78,000. கடனைக் கணக்கிடும்போது வங்கி இதை வீட்டு விலையோடு சேர்ப்பதில்லை. வழக்கறிஞர், மதிப்பீட்டாளர், பத்திர எழுத்தர், தரகர் செலவுகளையும், அசல் பத்திரத்தை வங்கியில் ஒப்படைப்பதைப் பதிவு செய்யும் செலவையும் கூட்டினால் 13 லட்சத்தைத் தாண்டியது. மேடவாக்கத்தில் திரும்பக் கிடைத்த வாடகை முன்பணமும் மனைவியின் நகையில் ஒரு பகுதியும் இதில் கரைந்தன. 8.5 சதவீத வட்டியில் இருபது ஆண்டுக்கு மாதத் தவணை 29,160 ரூபாய் அளவில் வந்தது. 22,000 வாடகையைவிட இது 7,000 கூடுதல். கடலூருக்கு வந்தால் செலவு குறையும் என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கை விட்டுவிடுகிறார்கள். 55 லட்சத்துக்குச் சென்னையிலேயே இருந்திருந்தால் தவணை 38,000ஐத் தாண்டியிருக்கும், அது எங்களால் முடியாது என்பதே உண்மையான ஒப்பீடு.

2025 பிப்ரவரியில் பத்திரம் பதிவானது. இரண்டு சாட்சிகள், கைரேகை, புகைப்படம், காலை பத்தரைக்கு வாங்கிய டோக்கனுக்குப் பிற்பகலில் அழைப்பு. முழுப்புலமாக இருந்தால் பட்டா மாற்றம் எளிது; எங்கள் மனை பெரிய புல எண்ணின் (சர்வே எண்ணின்) ஒரு பகுதி என்பதால் அதைத் தனியே அளந்து உட்பிரிவு செய்ய வேண்டியிருந்தது. சர்வேயர் வந்து அளந்தபோது, கிழக்குச் சுவர் பக்கத்து மனைக்குள் அரை அடி போயிருப்பது தெரிந்தது. பக்கத்து மனைக்காரர் பெருந்தன்மையாக, "சுவர் இடிஞ்சா உள்ள தள்ளிக் கட்டிக்குங்க அண்ணே, இப்ப ஒண்ணும் வேண்டாம்" என்றார். அதை ஒரு கடிதமாக எழுதி இருவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொண்டோம்.

மகளின் பள்ளி மாற்றுச் சான்றிதழுக்காக ஆண்டுத் தேர்வு முடியும்வரை காத்திருந்து, ஏப்ரல் கடைசியில் குடிவந்தோம். மின் இணைப்பும் வீட்டுவரியும் பெயர் மாறின. அலுவலக நாட்களுக்கு நான் முதல்நாளே, திருச்சியிலிருந்து பகலில் வரும் சோழன் விரைவு வண்டியில் எழும்பூர் போய், நண்பர் வீட்டில் தங்கிக்கொள்கிறேன்; அந்தச் செலவு மாதம் 2,500 ரூபாய்க்குள் அடங்குகிறது. உட்பிரிவுப் பட்டா ஜூலையில் கிடைத்தது. அதில் என் மனைவியின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்ததால், திருத்தத்துக்கு மறுபடி விண்ணப்பித்திருக்கிறேன்.