சர்ஃபேஸ் பிளேட் மேல் விரித்த நோட்டு

போன வாரம் அம்பத்தூரில், புதிதாகத் தொழில் தொடங்கிய இருபது பேர் கூடிய இடத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். கடைசியில் ஒரு தம்பி எழுந்து, "அக்கா, கையில் பணம் இல்லை என்பதை வேலை செய்பவர்களிடம் சொல்லலாமா? சொன்னால் விட்டுப் போய்விட மாட்டார்களா?" என்று கேட்டார். அவசரத்தில் நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் பட்டறை ஈக்காட்டுத்தாங்கலில், அடையாற்றிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது. நான்கு லேத் (கடைசல் இயந்திரம்), ஒரு மில்லிங் இயந்திரம், கடனில் வாங்கிய ஒரு சிஎன்சி (கணினி கட்டளையில் ஓடும் இயந்திரம்). அப்பா 2013இல் காலமான பிறகு நான் பார்த்துக்கொள்கிறேன். அப்போது பதினொரு பேர் வேலையில் இருந்தார்கள். கணக்கு என் மேஜை டிராயரைத் தாண்டி வெளியே வராது. முதலாளி கவலையை முகத்தில் காட்டக் கூடாது என்றே நினைத்திருந்தேன்.

2015 டிசம்பர் 1. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். தண்ணீர் வடிந்து ஷட்டரைத் தூக்கியபோது உள்ளே முழங்கால் அளவு சேறு. லேத் பெட்டெல்லாம் துரு. மோட்டார்கள் அத்தனையும் மூழ்கி எழுந்திருந்தன. சிஎன்சி பேனலைத் திறந்தால் போர்டுகளுக்கு நடுவே வண்டல் படிந்திருந்தது. இன்ஷூரன்ஸ் இருந்தது. ஆனால் பிரீமியம் குறையட்டும் என்று, அந்த வருடம் வெள்ளச் சேதத்துக்கான பாதுகாப்பை நீக்கிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். அந்தக் கையெழுத்து இன்றும் என் மனதை அறுக்கிறது.

முதல் பத்து நாள் எல்லோரிடமும் "சரியாயிடும்" என்று மட்டும் சொன்னேன். சிஎன்சி ஓட்டிய இரண்டு பேர் பூந்தமல்லி பக்கம் வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டார்கள். கோபம் வந்தது. அன்று மாலை ஃபோர்மேன் மாமா (அப்பா காலத்து ஆள், நான் பள்ளிக்கூடம் போகும்போதே மாமாதான்) மண்ணெண்ணெயில் லேத்தின் சக்கை (வேலைத் துண்டைப் பிடிக்கும் பாகம்) கழுவிக்கொண்டே சொன்னார்: "பாப்பா, அவங்களுக்கு ஜனவரியில சம்பளம் உண்டா இல்லையான்னு தெரியல. உங்கப்பா கடன் வாங்கினாலும் எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான் வாங்குவாரு. ஒண்ணுமே தெரியாம எதை நம்பிக் காத்திருப்பாங்க?"

மறுநாள் காலை சர்ஃபேஸ் பிளேட்டை (அளவு பார்க்க வைத்திருக்கும் சமதளப் பலகை) துடைத்து அதன் மேல் கணக்கு நோட்டை விரித்தேன். வங்கியில் 1,84,000 ரூபாய். சிஎன்சி தவணை 42,000. மோட்டார் ரீவைண்டிங்குக்கு எவ்வளவு ஆகும், வரவேண்டிய பில் எத்தனை, எல்லாவற்றையும் வாய்விட்டுப் படித்தேன். குரல் நடுங்கியது உண்மை. இரண்டு மாதம் பாதிச் சம்பளம், மீதி ஏப்ரலுக்குள் என்றேன். எட்டுப் பேர் ஒத்துக்கொண்டார்கள். ஒருவர் மட்டும், மகளுக்கு ஃபீஸ் கட்ட வேண்டும், முடியாது என்றார். அவருக்கு முழுச் சம்பளம் கொடுத்தேன். அதை மற்றவர்கள் முன்னாலேயே சொல்லிக் கொடுத்தேன். யாரும் முகம் சுளிக்கவில்லை.

சென்னையில் தொழில் பேசினால் அருண் ஐஸ்கிரீம் சந்திரமோகன் பெயர் வராமல் இருக்காது. 1970இல் ராயபுரத்தில் 13,000 ரூபாய் முதலீட்டில் குச்சி ஐஸ் போட்டுத் தொடங்கியவர். எல்லோரும் அந்த 13,000த்தையே சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: சென்னையில் பெரிய பிராண்டுகள் நின்ற காலத்தில் அவர் சிறிய ஊர்களைத் தேடிப் போனது. அப்பா அடிக்கடி சொல்வார். எனக்கு அது விளங்கியது அந்த ஜனவரியில்தான். பெரிய வாடிக்கையாளர் ஒருவர் ஆர்டரை வேறு பட்டறைக்கு மாற்றிவிட்டார். அந்த நோட்டைப் பார்த்திருந்த ஹெல்பர் பையன், "அக்கா, ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டையில வீட்டுக்கு வீடு சம்ப் மோட்டார் போயிருக்கு. ஷாஃப்டும் புஷ்ஷும் நாம போட்டுத் தரலாமே" என்றான். நூறு, இருநூறு ரூபாய் வேலைகள். ஆனால் கையோடு காசு. மார்ச் வரை பட்டறையை அதுதான் காப்பாற்றியது. நோட்டை மறைத்தே வைத்திருந்தால் அவன் ஏன் அதைப் பற்றி யோசிக்கப் போகிறான்?

கையோடு காசு என்பது எங்கள் தொழிலில் எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியாட்களுக்குத் தெரியாது. சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் வருடச் சட்டமே இருக்கிறது. ஆனாலும் 120 நாள் காத்திருந்திருக்கிறேன். சட்டத்தைக் காட்டினால் அடுத்த ஆர்டர் வராதே என்ற பயம். இப்போது பில்லிலேயே 45 நாள் என்று அச்சடிக்கிறேன். நாற்பதாம் நாள் நானே ஃபோன் செய்கிறேன். அதில் ஒரு வாடிக்கையாளர் போய்விட்டார், போகட்டும். அப்புறம் 2020 ஊரடங்கு வந்தபோது நோட்டை விரிக்க நான் தயங்கவே இல்லை.

மாதம் ஐந்தாம் தேதி இப்போதும் காலை டீக்கு நோட்டு சர்ஃபேஸ் பிளேட் மேல்தான் இருக்கும். இந்த மாதம் மில்லிங் ஓட்டும் பெண் ஒரு வரியில் விரலை வைத்து, "அக்கா, இன்சர்ட் (வெட்டும் முனை) செலவு ஏன் இவ்வளவு ஏறியிருக்கு?" என்று கேட்டாள். இரண்டு பேரும் பழைய பில்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.